சிவப்பாகாத பட்டை

துயரத்தை அளக்கும் மணிக்கட்டுப் பட்டை சிவப்பானால்தான் குடும்ப நீதிமன்றம் விவாகரத்து தரும். மஞ்சள் என்றால் தாங்கக்கூடிய துயரம். மனுவைத் திருப்பிவிடுவார்கள். என்னுடையது கல்யாணத்திலிருந்தே மஞ்சள்தான்.

இன்றும் மனு திரும்பியது. சமையலறையில் நின்று அழுதேன். பட்டை ஆரஞ்சானது. இன்னும் கொஞ்சம் அழுதால் போதும். அதற்குள் என் கணவர் சிவநேசன் எட்டிப்பார்த்து, "தலைவலியா தாரிணி? தைலம் தேய்க்கட்டா?" என்றார். பட்டை பழையபடி மஞ்சளானது.

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு அறை விடுங்க."

அவர் சட்டைக்கையை ஏற்றித் தன் பட்டையைக் காட்டினார். அதுவும் மஞ்சள்.

"நானும் மனு போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஒருநாளாவது கத்துவேன்னு பாக்குறேன். நீ என்னடான்னா எனக்குப் பிடிச்ச வத்தக்குழம்பா வைக்கிற."

"சரி, இப்ப அடிங்க. ரெண்டு பேரும் தப்பிச்சுடலாம்."

கையை ஓங்கினார். கண்களை இறுக மூடிக்கொண்டேன். அந்தக் கை இறங்கி, என் கன்னத்து ஈரத்தைத் துடைத்தது. எத்தனை இதமாக இருந்தது! பதறிப்போய்க் கண்ணைத் திறந்தேன். இரண்டு பட்டைகளிலும் பச்சை படர்ந்துகொண்டிருந்தது.

"கையை எடுங்க!" என்று அலறினேன்.

பச்சை வந்துவிட்டால் இந்த வருஷம் மனுவே போட முடியாது.