முப்பத்தொன்றாம் மாதிரி

மூன்றாவது முறையும் கோடுகள் பொருந்தின.

மதுரை ஆய்வகத்தில் முத்துச்செல்வி புற ஊதா விளக்கின் மேல் குனிந்தாள். இடது பக்கம், பதினான்காம் நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் வளர்ந்த பூஞ்சை. வலது பக்கம், முப்பத்தொன்றாம் மாதிரி. புறா எச்சத்தில் வளர்ந்தது. இரண்டின் டி.என்.ஏ.வும் அச்சு அசல் ஒன்று.

கோவில்பட்டி வட்டாரத்தில் அறுபது இடங்களில் எச்சம் சுரண்டியாயிற்று. கோபுரம், பள்ளிவாசல் மாடம், தீப்பெட்டி ஆபீஸ் கூரை. வேறு எதிலும் இந்தக் கோடுகள் இல்லை.

இந்தப் பூஞ்சை கொண்டுவரும் மூளைக்காய்ச்சல் ஆளுக்கு ஆள் ஒட்டாது. காய்ந்த எச்சத்தூளை மூச்சில் இழுக்க வேண்டும். அதற்கு முன்பே எச்.ஐ.வி. உடம்பைக் காலி செய்திருக்க வேண்டும்.

ஆக, பதினான்காம் நோயாளி அந்தப் புறாக்களிடம் போயிருக்கிறாள்.

முத்துச்செல்வி அந்த நோயாளியின் படிவத்தை எடுத்தாள். பெண், இருபத்தாறு வயது, கயத்தாறு. போன மாதம் இறந்துவிட்டாள். புறா வளர்க்கும் இடத்துக்குப் போனதுண்டா என்ற கேள்விக்கு, 'இல்லை.'

சாகிற நேரத்திலும் பொய். யாரைக் காப்பாற்ற?

செல்போன் அடித்தது. கோவில்பட்டியிலிருந்து கணவன் லிங்கராஜ்.

"ஏட்டி செல்வி, சனிக்கிழமை மதுரையிலேருந்து எந்த வண்டியில வார? என் புறாவெல்லாம் நேரத்துக்கு வந்து அடையுது, நீதான் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல. முன்னாடியே சொல்லிரு, என்ன?"

"சொல்லுதேன்" என்று வைத்தாள்.

வாரா வாரம் கேட்பான். ஆறு வருடமாக அதைப் பிரியம் என்றே நினைத்திருந்தாள்.

போன மாதம் ஒரு புறா செத்துப்போனதென்று நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தான். அவள்தான் போனில் ஆறுதல் சொன்னாள்.

எச்சம் சேகரித்த நாட்களில் ஒருநாள் கணக்குக்கு ஒன்று குறைந்தது. வெயிலில் அலையச் சோம்பல்பட்டு, அவன் கடைக்குப் போன நேரத்தில் தன் வீட்டு மொட்டைமாடிப் புறா அறையைத் திறந்து சுரண்டினாள். அதுதான் முப்பத்தொன்று. வெளியாள் வந்தால் புறா மிரளும் என்று அவளைக்கூட அவன் அங்கே விட்டதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பெரிய டாக்டர் ஹிதாயத்துல்லா எட்டிப் பார்த்தார். விளக்கில் பொருந்தி நின்ற கோடுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஜெயிச்சிட்டோம்மா! சரி, அது எந்த வீடோ, அங்கன இருக்கவியளுக்கு முதல்ல சொல்லிரணும். பாவம், ஒண்ணும் தெரியாம இருப்பாவ. ரத்தமும் எடுத்துப் பாத்துரணும்."

அவர் திரும்பிய பக்கம் முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தாள். இடது கைச் சட்டை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தது. அதில் சுற்றிய ரப்பர் குழாயின் ஒரு நுனி பல்லில், பக்கத்தில் ஊசி.

முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"சொல்லியாச்சு, சார்."