ஏரிக்கரை வரைக்கும்

"எந்த ரோட்டுல போனாலும் ஒரே குலுக்கல்தான். அடியில இருக்குற சேஸிஸ் சட்டமே முறுக்கிக்குது," என்று பழைய காரின் கதவு இடுக்கை விரலால் தடவிக் காட்டினார் கணவர்.

"குறுக்கே இரும்புச் சட்டம் வெச்சு வெல்டிங் பண்ணா கிண்ணுனு நிக்கும் சார். ஆனா சின்னக் கல்லு மேல ஏறுனாக்கூட உடம்புக்குத் தெரியும்," என்றார் மெக்கானிக்.

"அதுதான் வேணும்."

"எதுக்குங்க? அது பாட்டுக்கு ஆடட்டுமே," என்றாள் மனைவி. அவர் கேட்கவில்லை.

வேலை முடிந்து கார் வீட்டுக்கு வந்தது. "வழக்கம்போல ஏரிக்கரைக்குப் போ," என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அவள் ஓட்டினாள்.

கொஞ்ச நேரத்தில், "ஏரிக்கரை வந்தாச்சுங்க. தண்ணி தளும்புது," என்றாள்.

"அப்படியா? நம்ம தெருமுனை வேகத்தடையும் அதை ஒட்டின பள்ளமும் ஏரிக்கரைக்கு எப்ப வந்துச்சு?"

சட்டென்று பிரேக் போட்டாள். அவர் மடியிலிருந்த வெள்ளைக்கோல் நழுவிக் கீழே விழுந்தது.

"பெரிய ரோட்டுல வண்டி எடுக்கப் பயங்க. அதான் இத்தனை நாளா நம்ம தெருவையே சுத்திக்கிட்டு..." என்றாள்.

அவர் குனிந்து, துழாவி, கோலை எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு ரவுண்டு போ. இந்தத் தடவை ஏரியில கொக்கு இருக்கான்னு பாத்துச் சொல்லு."