சுவர் பார்க்க வந்த ஆள்

வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டுதான் பார்த்தார்கள். பொன்னுரங்கம் மட்டும் சமையல்கட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரை ஒட்டிக் குந்திக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், அறுபது வருஷத்து வீடு. அன்றைக்குப் புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால், மத்தியானம் தியாகராய நகரிலிருந்து வரும் நகைக்கடைக்காரருக்கு வீடு போய்விடும்.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் சர்க்கார் சம்பளம் வாங்கினவர். அந்த முப்பது வருஷமும் லைன் வீடுதான். ஒரே அறை, பதினாறு குடும்பத்துக்கு ஒரு குழாய். அவர் சேர்த்தது, என் கழுத்தில் கிடந்தது, காதில் கிடந்தது எல்லாம் சேர்ந்துதான் இந்த வீடு. போனால் மறுபடி பிறந்துதான் சம்பாதிக்க வேண்டும்.

பார்க்காமலா வாங்குகிறோம்? சர்வேயர் சங்கிலி போட்டு மனையை அளந்தாயிற்று. வக்கீல் வில்லங்கம் தேடியாயிற்று. என் தம்பி அனுப்பிய இன்ஜினீயர்கூட வந்து, காபி ஆறுவதற்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பேஷான வீடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மனைய அளந்தாங்க, பத்திரத்தப் படிச்சாங்க. சுவத்துக்குள்ள இன்னா கீதுன்னு எவனாவது பார்த்தானா?" என்றார் என் வீட்டுக்காரர்.

இவர் பயத்திலும் நியாயம் இருந்தது. நாற்பத்து மூன்றாம் வருஷத்து மழையில், மந்தைவெளியில் இவர் சிநேகிதர் வாங்கிய வீடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. மேலே சுண்ணாம்புப் பூச்சு, உள்ளே வெறும் மண். இந்த வீட்டுக்கும் புதுசாகப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள்.

சரி, நல்ல மேஸ்திரியாகப் பார்த்துக் கூட்டி வரக்கூடாதா? சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் இந்த ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயசு, ஒட்டிப்போன உடம்பு. கையில் ரசமட்டம் இல்லை, தூக்குக்குண்டு இல்லை. மடியில் ஒரு நீள ஆணி, அவ்வளவுதான்.

முன்பக்கத்துத் தேக்குக் கதவை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே கொல்லைப்பக்கம். முழங்கால் உயரத்துக்குமேல் அவருக்குச் சுவரே கிடையாது போலிருக்கிறது. விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். ஒரு கை தண்ணீரை அடிச்சுவரில் தெளித்து முகர்ந்து பார்த்தார்.

வீட்டை விற்கும் சுந்தரராமன் கடிகாரத்தைப் பார்த்தார். "தாத்தா பக்கத்துல நின்னு கட்டின ஆம். இந்த வீட்டுல இன்னும் என்ன பாக்கணும்? மணி பதினொண்ணே முக்கால் ஆயிடுத்து."

நான் என் வீட்டுக்காரர் கையைக் கிள்ளினேன். இவர் அசையவில்லை. அந்த ஆளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கத்தின் கை ஓர் இடத்தில் நின்றது. ஆணியால் சுரண்டினார். புதுப்பூச்சு சில்லு சில்லாக உதிர்ந்தது. உள்ளே, கொட்டாங்கச்சி அளவு பள்ளம். யாரோ வேறு காரையால் அடைத்திருந்தார்கள்.

தொலைந்தது, மறுபடியும் அந்தக் குழாயடிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சுந்தரராமனின் முகம் வெளுத்துவிட்டது. "அது எலி பண்ணின வேலை. எங்கப்பாதான் அடைச்சார்."

"எலி இல்ல சாமி," என்றார் பொன்னுரங்கம், திரும்பாமலே. "நான்தான்."



அவர் எழுந்து, மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கைகட்டி நின்றார்.

"ரெண்டு ராத்திரி நோண்டினேன், ஏட்டையா. நாலு பக்கமும் கை வெச்சுப் பார்த்துட்டேன். ஒரு செங்கல்லு நகரல. என் கன்னக்கோலுதான் வளைஞ்சிச்சு. மைலாப்பூர்ல நான் தொட்டு, உள்ளாற பூந்து பாக்காத வூடு இது ஒண்ணுதான்."

பொன்னுரங்கத்தை நாலு தடவை ஜெயிலுக்கு அனுப்பிய ஏட்டையா என் வீட்டுக்காரர்தான்; அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இந்தக் கேஸு ஸ்டேஷன்ல இல்லியே?"

"ஒண்ணும் போவலியே, எவன் வந்து எழுதிக் குடுப்பான்?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். முப்பது வருஷத்தில் அப்படி வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை. சிரிப்பும் அழுகையுமாக இடுப்பில் செருகியிருந்த பணத்தை எடுத்து, பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, தாம்பாளத்தில் வைத்து சுந்தரராமன் கையில் கொடுத்தேன். மனுஷர் இன்னும் அந்தப் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினால், பொன்னுரங்கம் கொல்லை மதிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பழக்கம்.

"அந்தப் பக்கம் எங்க போறீங்க? உள்ள வாங்க, காபி சாப்பிட்டுட்டு வாசல் வழியாப் போகலாம்," என்றேன். "வலது கால எடுத்து வெச்சு வாங்க."

அவர் ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா தலையை ஆட்டினார்.

கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தார். படியில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு வலது காலை வைத்து உள்ளே நுழைந்தார்.