பேர் அழிக்காத லொறி

"கள்ளி! வெளிய வா!"

லொறிக்கு அடியில இருந்து ரெண்டு கால்தான் தெரிஞ்சுது. கிறீஸ் அப்பின கால். அசையேல்ல.

"கள்ளி வேலையா இருக்கிறாள். விசயத்தைக் காலுக்குச் சொல்லுங்கோ, மூப்பர்."

கோயில் மூப்பர் கிறகரி தொண்டையைச் செருமினார். ஹ்ம்ஹ்ம். மனுசன் வீட்டில சோத்துக்கு உப்புக் கேட்டாலும் பூசை முடிய அறிவித்தல் வாசிக்கிற குரலிலதான் கேப்பார்.

"இத்தால் சகலருக்கும் அறியத்தருவது என்னவெண்டால், மாக்கிறட்! இந்த லொறி உன்ர இல்லை. இருபத்தொரு வருசமா அமத்தி வைச்சிருக்கிறாய். உரிமைக்காரற்ற மகளைக் கையோட கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். ஹ்ம்ஹ்ம்!"

கால் ரெண்டும் டக்கெண்டு உள்ள போச்சுது. மற்றப் பக்கத்தால தலை வந்துது.

அறுபது வயசு. புருசன்ர சாரம். மூக்கில கிறீஸ்.

முத்தத்தில வலை பொத்திக்கொண்டிருந்த புருசன் டொமினிக் சிரிச்சார். "பாத்தீங்களோ மூப்பர், லொறிக்குப் பூசுறதில கால்வாசி எண்ணெய் என்ர முழங்காலுக்குப் பூசியிருந்தா நான் இப்ப ஓடித்திரிவன்."

"உனக்கு ஸ்பெயார் பாட்ஸ் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடையளிலயும் இல்லையப்பா" எண்டா மாக்கிறட்.

மூப்பர் சிரிக்கேல்ல. லொறிக் கதவில விரலால குத்தினார்.

"இதென்ன எழுதிக் கிடக்குது? 'எம். ஏ. ஹமீது, எருக்கலம்பிட்டி.' தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் சனத்தைக் கையில ஒரு பையோட கலைச்சு விடேக்க, நீ ட்றக்டர் கட்டி இதை இழுத்துக்கொண்டு வந்தனி. முழு ஊரும் பாத்தது. பேரை அழிக்கக்கூடத் தெரியாத கள்ளி!"

"மூண்டு தரம் பெயின்ற் அடிச்சனான். மூண்டு தரமும் அந்தப் பேரைத்தான் எழுதினனான்."

"ஏன்?"

"உங்களுக்கேன்?"

"ஒரு நாளாவது ஊருக்கு ஒரு விளக்கம் சொன்னியோ?"

"ஒரு நாளாவது கேட்டனீங்களோ? கள்ளி எண்டுதான் சொன்னனீங்கள். கேள்விக்கு மறுமொழி சொல்லலாம். பட்டத்துக்கு என்னத்தைச் சொல்றது?"

மூப்பர் கையை நீட்டினார். "சாவியை எடு."

மாக்கிறட் சாரத்து மடிக்குள்ள இருந்து சாவியை எடுத்தா. குடுக்கேல்ல. மற்றக் கை மட்காட்டை விடேல்ல.

"தாறன். ஆனா இது அறுபத்திரண்டாம் ஆண்டு பெட்போர்ட். ஆமிக்காரன் கேட்டு வந்தவன், இயக்கம் கேட்டு வந்தது, கார்பரேற்றரைக் கழட்டி அரிசிப்பானைக்குள்ள தாட்டுப்போட்டு 'ஓடாது ராசா' எண்டு நிண்டனான். உப்புக்காத்துக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் நல்ல தண்ணியால கழுவவேணும். மூண்டாம் கியருக்குக் கிளச்சை ரெண்டு தரம் மிதிக்கவேணும், இல்லாட்டிக் கர்ர்ர்ரக் எண்டு பல்லைக் கடிக்கும், உங்களைப் போல. ஞாயித்துக்கிழமை பூசை முடிய ஒருக்கா ஸ்டார்ட் பண்ணாட்டிக் கோவிக்கும். இதெல்லாம் ஆர் செய்யிறது? நீங்களோ?"



மூப்பரோட வந்த உரிமைக்காரற்ற மகள் றாபியா லொறிக் கதவடிக்கு வந்தா. புத்தளத்தில இருந்து பஸ் ஏறி வந்த பொம்பிளை. கதவில கிடந்த வாப்பாட பேரை விரலால தடவிக்கொண்டே நிண்டா. கண் நிறைஞ்சு போச்சுது.

"பார்! அழுகிறா!" எண்டார் மூப்பர். "பார், உன்ர வேலையை!"

"மூப்பர், நான் ஒண்டு சொல்லட்டா?" எண்டா றாபியா.

"சொல்லுங்கோ பிள்ளை. பயப்பிடாமச் சொல்லுங்கோ. ஊர் உங்கட பக்கம்."

"ரெண்டாயிரத்து ரெண்டில சண்டை நிண்டு பாதை திறந்த கையோட இவ புத்தளத்துக்கு எங்கட அகதிக் காம்புக்கு வந்தா. இந்தச் சாவியை வாப்பாட கையில வைச்சா. வாப்பா வாங்க மாட்டன் எண்டுட்டார். 'நிப்பாட்டி வைச்சா வண்டி செத்துப்போயிரும் மாக்கிறட், நீயே வைச்சு ஓட்டு, அது உனக்குத்தான்' எண்டார். பிறகு வருசா வருசம் இவ லொறியப் படம் பிடிச்சு அனுப்புவா. மவுத்தாகுற வரைக்கும் வீட்டுக்கு வந்த ஆக்களுக்கெல்லாம் வாப்பா அந்தப் படத்தத்தான் காட்டினார்."

மூப்பர் செருமப் பாத்தார். சத்தம் வரேல்ல.

மாக்கிறட் சாவியைத் திரும்ப மடிக்குள்ள செருகினா.

"அப்ப... அப்ப ஏன் பிள்ளை, நான் கூப்பிட்டவுடன வந்தனீங்கள்?"

"இருபத்தொரு வருசத்துக்குப் பிறகு எங்கட சாமானப் பத்தி ஒருத்தர் கவலப்படுறார் எண்டு சந்தோசத்தில ஓடி வந்தன், மூப்பர்."

றாபியா கண்ணைத் துடைச்சுக்கொண்டு மாக்கிறட் பக்கம் திரும்பினா.

"மாமி, லொறிய ஸ்டார்ட் பண்ணுங்க. காலையில மூப்பர் வீட்டில தேத்தண்ணி குடிக்கேக்க பாத்தன், எங்கட உம்மாட அலுமாரி அங்கதான் நிக்குது. வலப்பக்கக் கதவ இப்பவும் கொஞ்சம் தூக்கித்தான் பூட்டுறாங்க."