டெல்டா மாப்பிள்ளை

"மாப்பிள்ளை டெல்டாவுல வேலை பாக்கறார்" என்று தரகர் சொன்னதுமே இளங்கோவன் ஜாதகத்தை ஆவலாக வாங்கிக்கொண்டார். டெல்டா என்பது அமெரிக்க விமானக் கம்பெனி என்று பேப்பரில் படித்திருந்தார். மற்றவர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"தஞ்சாவூர் பக்கமா மாமா? நெல்லு வெளையற ஊராச்சே" என்றான் பழவேற்காட்டிலிருந்து வந்த மச்சான்.

"கொரோனாவுக்கு வெச்ச பேராச்சே அது!" என்று பயந்தாள் மனைவி லோகாம்பாள்.

"உங்களோட மாரடிக்கறதே என் பொழப்பாப் போச்சு. பிளேன் கம்பெனி! அமெரிக்கா!" என்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போனது. திருப்பாலைவனம் முழுக்க அதையே சொல்லி வைத்தார்.

பெண் பார்க்க வந்த சுபாஷிடம் ஆசையாகக் கேட்டார்.

"பிளேன் கம்பெனில இன்னா வேலை தம்பி?"

"பிளேனா? மீஞ்சூர்ல மோட்டார் ரிப்பேர் கடை வெச்சிருக்கேங்க. டெல்டா எலெக்ட்ரிகல்ஸ்."

இளங்கோவனுக்கு முகம் தொங்கிப்போனது. மகள் நிவேதாவை உள்ளே அழைத்துப்போய்ப் பொருமினார்.

"தரகன் ஏமாத்திட்டாம்மா! ஊர்ல எப்படித் தலை காட்டுவேன்? இவங்கள இப்பவே அனுப்பிடறேன்."

"வாணாம் நைனா. டெய்லி அந்தக் கடையைத் தாண்டித்தான் ரயிலுக்குப் போறேன். அவரை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். தரகரை அனுப்புனதே நான்தான்."

"அதுக்கு இப்படியாம்மா பொய் சொல்லுவ?"

"மீஞ்சூர் மெக்கானிக்னு சொல்லியிருந்தா வாசப்படி ஏற வுட்டிருப்பியா? டெல்டான்னு மட்டுந்தான் சொல்லச் சொன்னேன். அவரை அமெரிக்காவுக்கு அனுப்புனது நீதான் நைனா."