கஞ்சிக்கு ஒரு பழம்

பதிவு செய்யாத விதையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் வந்த மூன்றாம் வருடம், பரமக்குடியில் ஆரோக்கியமேரியின் மொட்டைமாடிக்கு விதைத்துறை அதிகாரி ஏறி வந்தார். அங்கே தொட்டிகளில் நின்ற முண்டு மிளகாய்ச் செடிகள் எல்லாவற்றையும் பிடுங்கினார்.

“பழத்தத் திங்கலாம்ல?” என்று கேட்டாள் அவள்.

“திங்கலாம். ஒரு விதை மிஞ்சக் கூடாது. நான் பாத்துட்டுத்தான் போவேன்.”

ஆரோக்கியமேரி கஞ்சி காய்ச்சினாள். வீடு வீடாகப் போய்த் தெருவை அழைத்தபோது ஒவ்வொருவர் காதிலும் ஏதோ சொன்னாள். முப்பது பேர் வந்தார்கள். கஞ்சியைக் குடித்து முடித்ததும் ஆளுக்கொரு சிவந்த பழத்தைக் கொடுத்தாள். அதிகாரியின் கண் முன்னாலேயே எல்லாரும் கடித்து மென்றார்கள். கண்ணீர் வழிந்தது. எதிர்வீட்டு லத்தீபா இருமலை அடக்கியதில் முகமெல்லாம் சிவந்துபோனாள்.

“ரொம்பக் காரமோ?” என்றார் அதிகாரி.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள்.

வெறும் காம்புகளைப் பார்த்துத் திருப்தியாகி அவர் கிளம்பினார். வண்டி தெருமுனை திரும்பியதும், நாக்குக்கு அடியில் அடக்கியிருந்த விதைகளை லத்தீபா உள்ளங்கையில் துப்பினாள்.

“ஒம்போது தேறுச்சுக்கா. எங்க போடணும்?”

“ஒன் வீட்டு மாடியிலயே போடு. அடுத்த தடவ அவரு முப்பது மாடி ஏறட்டும்.”