ஐம்பதாயிரம் மணித்தியாலம்

"இஞ்சாருங்கோ, இதுவும் மங்கத் தொடங்கீட்டுது."

வீரபாகு சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தார். தையல் மெஷினுக்கு மேலே அவர் கட்டித் தொங்கவிட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே அவருடைய மனைவி அருந்ததி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"எப்பிடி மங்குது?"

"முந்தின ரெண்டும் மாதிரித்தான். மஞ்சளடிக்குது. புகைக்குள்ளால வாற வெளிச்சம் மாதிரி."

பள்ளிக்கூடம் தொடங்க மூன்று கிழமை இருந்தது. இருபத்திரண்டு சட்டை தைத்து முடிக்க வேண்டும். நேற்று ஒரு சட்டையில் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். இப்படியே போனால் அடுத்த வருடம் ஒருவரும் தன்னிடம் துணி தரமாட்டார்கள் என்றாள்.

வீரபாகு அண்ணாந்து பார்த்தார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதை அவர் பெரிதாக எடுக்கவுமில்லை. வெள்ளை எல்.ஈ.டி. பழைய பல்ப் மாதிரிப் பட்டென்று போகாது. மெல்ல மெல்ல ஒளி இறங்கும். அதன் கீழேயே இருந்து வேலை செய்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். ஸ்கந்தபுரம் சந்தியில், ரேடியோவும் டோச்சும் திருத்தும் தன் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

முதல் விளக்கை, யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலத்தில் செய்தார். ஒன்பது எல்.ஈ.டி., ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பற்றறி. ஐம்பதாயிரம் மணித்தியாலம் எரியும் என்று யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் என்று பார்த்தாலும் முப்பத்துநாலு வருடம் வரும், நாங்கள் இல்லாத காலத்திலும் இது எரியும் என்று வீரபாகு பெருமைப்பட்டார்.

"அப்ப நான் போனாப் பிறகு உங்களுக்கு ஆர் சமைக்கிறதெண்டும் விளக்கிட்டயே கேளுங்கோ," என்றாள் அருந்ததி.

ஒரு வருடம் போகவில்லை, மங்குது என்றாள். பிழை தன்னுடையது என்று அவருக்கு உடனே விளங்கியது. அவளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டுமென்று, மின்னைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்ரரை அளவுக்குக் குறைவாகப் போட்டிருந்தார். கூடுதல் மின் பாய்ந்தால் எல்.ஈ.டி. சூடேறும். ஒளியை வெள்ளையாக்குகிற மஞ்சள் பூச்சு உள்ளேயே கருகும். ஆசைப்பட்டுக் கெடுத்துவிட்டேன் என்று அவளிடமே ஒத்துக்கொண்டார். புதியது வாங்க யாழ்ப்பாணம் புறப்பட்டபோது, தானும் வரட்டோ என்று கேட்டாள். ஒரு விளக்குக்கு இரண்டு பேர் எதற்கு என்றுவிட்டு அவர் தனியே போனார்.

இரண்டாவதுக்கு ரெசிஸ்ரரைச் சரியாகப் போட்டார். அதுவும் ஐந்து மாதத்தில் மங்கியது. சூடு வெளியேற வழி வைக்கவில்லை என்று தன்னைத் திட்டிக்கொண்டு, மிச்சம் வாங்கி வைத்திருந்த எல்.ஈ.டி.களின் பின்னால் அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்தி மூன்றாவதைச் செய்தார்.

இப்போது அதுவும்.

"புதுசு ஒண்டு போடுங்கோவன்."

"எங்க எடுக்கிறது? சண்டை தொடங்கிப் பாதை பூட்டி நாலு மாதம். டோச் பற்றறியே வருகுதில்லை."

அவள் மெஷினில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கை வேலையில்லாமல் அவள் இருந்ததை அவர் முன்பு பார்த்ததில்லை.

மற்ற நாள் மத்தியானம் கடையில் பிஸ்கற் பெட்டியைக் கவிழ்த்தார். கழற்றிப் போட்ட இரண்டு விளக்கும் அடியில் கிடந்தன. அவற்றில் கெடாமல் மிஞ்சிய எல்.ஈ.டி. நாலைந்து இருந்தால் சேர்த்து ஒன்றாக்கலாம். இந்தச் சட்டைகளையாவது முடித்துவிடுவாள். தன் ரேடியோவுக்காக வந்த சின்னராசா முன்வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

வீரபாகு முதல் விளக்கைக் கடைப் பற்றறியில் கொழுவினார்.

சின்னராசா கையால் முகத்தை மறைத்தார். "என்னண்ணை, லொறிக்கோ கட்டுறியள்? அங்கால திருப்புங்கோ."

வீரபாகு இரண்டாவதைக் கொழுவினார். அதுவும் அப்படித்தான். ஒன்பதும் வெள்ளை வெளேரென்று எரிந்தன. ஒன்றிலும் மஞ்சள் இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு எல்.ஈ.டி.யும் பழுதில்லை. வீட்டுப் பற்றறிதான் பலமிழந்திருக்கிறது. அதை ஒருநாளாவது அளந்து பார்க்காமல் மூன்று விளக்குக் கட்டியிருக்கிறேன் என்று சின்னராசாவிடம் சொன்னார். வீட்டில் சொல்ல வேண்டாம் அண்ணை, காலமெல்லாம் நக்கலடிப்பா என்றார் சின்னராசா.

சொல்லி வாய் மூடவில்லை, அருந்ததி சாப்பாட்டோடு வந்தாள். வாசற்படியைக் காலால் தேடி ஏறினாள்.

"இஞ்ச பாரும்," என்று வீரபாகு இரண்டு விளக்கையும் அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

சின்னராசா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அருந்ததி திருப்பவில்லை. இமைக்கவும் இல்லை. விளக்குகளுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் சொன்னனான்தானே," என்றாள். "இதுகள் வீட்டில எரியிறதை விட மங்கல்."

சின்னராசா திரும்பி வீரபாகுவைப் பார்த்தார். வீரபாகு விளக்குகளைத் தாழ்த்த மறந்து நின்றார். தானும் வரட்டோ என்று அவள் கேட்ட அன்றைக்குப் பாதை திறந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் கண் டொக்டரும் இருந்தார். போகும் வழியில் ஆனையிறவைத் தாண்டுகையில் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்துச் சீற்றில் அவருடைய பைதான் இருந்தது.